கம்பவுண்டர் அகதா: கிறிஸ்டியின் சுயசரிதை, ஒரு மருந்தாளுநரின் வாசிப்பில்

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இங்கிலாந்தின் டார்கி நகரில் ஒரு மருந்துக் கடை. பயிற்சிக்கு வந்த ஒரு பெண், கடைக்காரர் மருந்து கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசனவாயில் வைக்கும் மருந்துக் குச்சிகளை அவர் வார்த்துக்கொண்டிருக்கிறார். கணக்கில் தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்துவிட்டது. மருந்தோ விஷத்தன்மை கொண்டது. அந்தப் பெண்ணுக்குத் தவறு தெரிகிறது. ஆனால் ஊரிலேயே பெரிய மருந்துக்காரரிடம், நேற்று வந்தவள் போய் "நீங்கள் தப்பாகப் போட்டுவிட்டீர்கள்" என்று சொல்ல முடியுமா? அவள் கால் தடுக்கியதுபோல் சாய்கிறாள். குச்சிகள் இருந்த பலகை தரையில் கவிழ்கிறது. கவிழ்ந்தவற்றின் மேல் காலை நன்றாக ஊன்றி மிதிக்கிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். அவர் தோளில் தட்டி, பரவாயில்லை என்று தேற்றுகிறார்.

அந்தப் பெண் அகதா கிறிஸ்டி, பின்னாளில் துப்பறியும் நாவல்களால் உலகப் புகழ் பெற்றவர். இந்தப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். என் அப்பா கம்பவுண்டர். பாட்டிலில் மிக்ஸ்சர் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய வெள்ளைக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். அந்தப் பசையின் வாசம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. வீட்டில் துப்பறியும் நாவல் படிக்கும் பழக்கமும் அவரால் வந்ததுதான். கிறிஸ்டியின் நாவல்களில் முப்பதுக்கு மேல் படித்திருக்கிறேன். சுயசரிதையை மட்டும் இவ்வளவு நாள் தொடவில்லை. போன மாதம் மகள் வரவழைத்துக் கொடுத்தாள். ஐந்நூறு பக்கத்துக்கு மேல், பேப்பர்பேக். எழுத்து பொடியாக இருக்கிறது, ராத்திரி படிப்பவர்கள் நல்ல விளக்காக வைத்துக்கொள்ளுங்கள். கூரியரில் வந்தபோது அட்டை ஒரு மூலையில் மடங்கியிருந்தது. படிப்பதற்கு அது ஒன்றும் தடையில்லை.

இந்தப் புத்தகத்தை அவர் எழுதத் தொடங்கியது 1950 ஏப்ரலில், இராக்கில் நிம்ருத் என்ற இடத்தில். கணவர் மேக்ஸ் மல்லோவன் அங்கே அகழாய்வு செய்துகொண்டிருந்தார். முகாமில் இவருக்கென்று மண்செங்கல்லில் ஒரு சின்ன அறை. கதவில், அந்த மண்ணின் பழைய எழுத்தான ஆப்பெழுத்தில் 'பெய்த் அகதா', அகதாவின் வீடு என்று எழுதியிருந்ததாம். முடித்தது 1965-இல், 75 வயதில். புத்தகம் வெளிவந்தது 1977-இல், அவர் இறந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து. அதில் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிந்திருக்கிறார். அந்த நாடாக்களைப் பேரன் 2008-இல் வீட்டில் கண்டெடுத்தார். 13 மணி நேரத்துக்கும் மேல் அவர் குரல் அதில் இருக்கிறது. வாயால் சொல்லியது என்பது நடையிலேயே தெரிகிறது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரியம்மா பேசுவதைக் கேட்பதுபோல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார். வருடங்கள் சரியாகக் கிடைக்காது. அது வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு காகிதம் வைத்துக் குறித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

குழந்தைப் பருவம் நீளம், மிக நீளம். 1890-இல் டார்கியில் பிறந்தார். ஆஷ்ஃபீல்டு என்ற வீடு, சமையல்காரி, ஆயா, கூண்டுக் குருவி, தோட்டத்து மரங்கள். எட்டு வயதுவரை குழந்தைக்கு எழுத்து சொல்லித்தரக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. மகளோ ஐந்து வயதில் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இந்தப் பகுதியில் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். மூடாதீர்கள், இரண்டு விஷயங்களுக்காக.

ஒன்று, சிறுமி அகதாவுக்கு அடிக்கடி வந்த கெட்ட கனவு. கனவில் துப்பாக்கி வைத்த ஒரு ஆள் வருவான். அவன் சுடுவான் என்று பயமில்லை. நாளாக ஆக, கனவு மாறுகிறது. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவையோ ஒரு தோழியையோ நிமிர்ந்து பார்த்தால், அந்த முகத்தில் அவனுடைய வெளிர்நீலக் கண்கள் இருக்கும். இன்னொன்று, அக்கா மேட்ஜ் விளையாட்டாகச் செய்தது. நமக்கு ஒரு மூத்த அக்கா உண்டு, பைத்தியம், குகையில் இருக்கிறாள் என்று முதலில் சொல்லி வைப்பாள். பிறகு ஒருநாள் திடீரென்று குரலை எண்ணெய்போல மாற்றிக்கொண்டு, "நான் யார் தெரிகிறதா கண்ணு, உன் அக்காதானே" என்பதுபோலப் பேசுவாள். முகம் அதே முகம், உடை அதே உடை. குழந்தை அலறும். அலறினாலும் மறுபடி அந்த விளையாட்டைக் கேட்கும்.

66 துப்பறியும் நாவல்களிலும் அவர் செய்தது இதைத்தான். கொலையாளி வெளியிலிருந்து வருவதில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, நமக்குப் பிடித்தமானவராக, மேசையிலேயே இருக்கிறார். எந்தத் திறனாய்வும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. அவரோ அந்த முடிச்சைத் தானே போட்டுக் காட்டுவதில்லை. கனவைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்.

சரி, மருந்தறைக்கு வருவோம். எனக்கு இந்தப் புத்தகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1914 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆர்ச்சி கிறிஸ்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் விமானப் படையில், போர்முனையில். இவர் டார்கி மருத்துவமனையில் முதலில் செவிலிப் பணி, பிறகு மருந்து கலக்கும் வேலை. நம் ஊர்ச் சொல்லில் கம்பவுண்டர். 1917-இல் அதற்கான தேர்விலும் தேறினார். மருந்தறையில் வேலை சில நேரம் குவியும், சில நேரம் ஒன்றுமே இருக்காது. தனியாக உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் அலமாரிகளில் விஷம். எல்லா மருந்தறையிலும் இப்படித்தான். காலையில் வரிசை நின்று ஓ.பி. முடிந்ததும் பகல் இரண்டு மணிக்கு வரும் அமைதி, எங்களுக்குத்தான் தெரியும். அந்த அமைதியில்தான், துப்பறியும் கதை எழுத உன்னால் முடியாது என்று முன்பு அக்கா சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. சுற்றிலும் விஷம் இருக்கிறது, அப்படியானால் விஷம் வைத்த கொலை. ஊரில் பெல்ஜியத்திலிருந்து வந்த அகதிகள் இருந்தார்கள், அப்படியானால் துப்பறிபவர் ஒரு பெல்ஜியக்காரர். கையில் இருந்ததை எடுத்துக் கட்டினார். எர்க்யூல் புவாரோ அப்படி வந்தவர்தான். முதல் கதையிலேயே ஓய்வு பெற்ற போலீஸ்காரராக, வயதானவராக அவரைப் படைத்தது பெரிய தப்பு என்று பின்னால் வருத்தப்படுகிறார். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த மனிதரைச் சுமக்கப் போகிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதல் நாவலைப் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' நாவலில் கொலை நடக்கும் விதம் எந்தக் கம்பவுண்டருக்கும் புல்லரிக்கும். ஸ்ட்ரிக்னின் சேர்த்த டானிக் அந்தக் காலத்தில் சாதாரணம். ஒரு வேளைக்குக் குடிக்கும் அளவில் அது ஆளைக் கொல்லாது. அதில் ப்ரோமைடு பொடியைப் போட்டால் ஸ்ட்ரிக்னின் படிகமாகிப் பாட்டிலின் அடியில் தங்கிவிடும். மேலே உள்ளதைக் குடித்துவிட்டுக் கடைசி வேளையை ஊற்றினால், மொத்த விஷமும் அந்த ஒரு வேளையில். அப்பா பாட்டிலைக் கொடுக்கும்போதெல்லாம் ஒன்று சொல்வார்: "நல்லாக் குலுக்கிக் குடிக்கணும், மறந்துடாதீங்க." இன்றைக்கும் அட்டையில் அச்சிட்டிருக்கும் அந்த ஒரு வரியிலிருந்து ஒரு கொலையை உண்டாக்கியிருக்கிறார் இந்தப் பெண். மருந்தாளர்களின் பத்திரிகை ஒன்று அந்த நாவலுக்கு மதிப்புரை எழுதி, விஷத்தைச் சரியாகக் கையாண்டதற்காகப் பாராட்டியது. அவருக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை மிகவும் பெருமையாக நினைத்தார். எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

எழுதி முடிக்க முடியாமல் பாதியில் நின்றபோது அம்மா சொன்ன யோசனைப்படி டார்ட்மூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு வாரம் தங்கினார். காலையில் எழுத்து, மதியத்துக்குப் பிறகு மேட்டு நிலத்தில் தனியே நடந்தபடி பாத்திரங்கள் பேசுவதை வாய்விட்டு முணுமுணுப்பது. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஜான் லேன் ஒப்புக்கொண்டார், மேலும் ஐந்து புத்தகம் தர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. 1920-இல் வெளிவந்த அந்த நாவலால் கைக்கு வந்தது 25 பவுண்டு. உலகத்திலேயே அதிகம் விற்ற நாவலாசிரியர் என்று இன்று சொல்லப்படுபவரின் முதல் வருமானம் அது.

இப்போது அந்தத் தசமப் புள்ளிக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு பெரியவருக்கு இதய மாத்திரை, டிஜாக்சின். 0.25 மில்லிகிராம் என்று வர வேண்டியது சீட்டில் 2.5 என்று இருந்தது. கொடுத்தால் பத்து மாத்திரை, ஒரே வேளைக்கு. என் மேலே இருந்தவரிடம் காட்டினேன். "டாக்டர் எழுதியதைக் கொடு, நீ என்ன டாக்டரா?" என்றார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஜன்னல் வழியாக அந்தப் பெரியவரின் மனைவியிடம், "ஸ்டாக் இல்லம்மா. உள்ள வேற டாக்டர் இருக்காரு, அவர்கிட்ட காட்டி மாத்தி எழுதி வாங்கிட்டு வாங்க" என்றேன். மருந்து என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அரை மணி நேரத்தில் சரியான அளவோடு சீட்டு திரும்பி வந்தது. பொய் சொன்னதற்காக ரொம்ப நாள் மனசு உறுத்திக்கொண்டிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. கிறிஸ்டி பலகையைக் கவிழ்த்த பக்கத்தைப் படித்தபோது, நூறு வருடத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் வேறொரு பெண்ணும் இதையேதான் செய்திருக்கிறாள் என்று தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

அந்த மருந்துக்காரர் பற்றி இன்னொன்றும் எழுதுகிறார். தன் சட்டைப் பையில் க்யூராரே என்ற விஷத்தின் ஒரு கட்டியை எப்போதும் வைத்திருப்பாராம். ஏன் என்று அவரே சொல்கிறார்: அது இருந்தால் தனக்குப் பலம் வந்ததுபோல் இருக்கிறதாம். ரோஜா நிற முகம், பார்க்க அப்பாவி. அவர் பல வருடம் கிறிஸ்டியின் மனதிலேயே கிடந்து, 1961-இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்கு விதையானார். அதில் விஷம் தாலியம். கிறிஸ்டி இறந்த பிறகு 1977-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், என்ன நோய் என்றே பிடிபடாமல் கிடந்த ஒரு குழந்தையின் அறிகுறிகளைப் பார்த்து, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு செவிலி தாலியமாக இருக்குமோ என்று சொன்னார். சோதித்தார்கள், அதுவேதான். குழந்தை பிழைத்தது. இது சுயசரிதையில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் கவனமாகத் தொழில் கற்ற ஒருத்தியின் எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1926-ஐப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அந்த வருடம் அம்மா இறந்தார். ஆஷ்ஃபீல்டு வீட்டை ஒழிக்கும் வேலையில் தனியாக மாதக்கணக்கில் கிடந்தார். காசோலையில் கையெழுத்துப் போடப் போய்த் தன் பெயரே நினைவுக்கு வராமல் நின்றிருக்கிறார். கார் கிளம்பவில்லை என்று ஒருநாள் அழுதிருக்கிறார். அப்புறம்தான் கணவர் வந்து, வேறொரு பெண்ணோடு போவதாகச் சொல்கிறார். டிசம்பர் 3-ஆம் தேதி இரவு காரை எடுத்துக்கொண்டு போனவர், 14-ஆம் தேதி ஹாரகேட் ஹோட்டல் ஒன்றில், கணவரின் அந்தத் தோழியின் குடும்பப் பெயரில் தங்கியிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டார். நாடே தேடியது. சுயசரிதையில் அந்த நாட்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்குக் கோபமில்லை. காசோலையையும் காரையும் சொன்னாரே, அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த மனநிலையை அவர் சொல்லியிருக்கும் இரண்டு பக்கம், துக்கத்தில் தலை கலங்கி நிற்கும் யாருக்கும் தெரிந்த உண்மை.

அதற்கடுத்து வரும் பகுதிதான் அவருடைய தொழில் வாழ்க்கையின் மையம். கையில் காசில்லை, மகள் சின்னவள். கனரித் தீவுகளுக்குப் போய் 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெய்ன்' எழுதி முடிக்கிறார். ஒரு வரிகூடப் பிடித்து எழுதவில்லை. மகள் பக்கத்தில் வந்து வந்து நிற்கிறாள், வாக்கியம் வர மறுக்கிறது. அந்த நாவலைக் கடைசிவரை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொழுதுபோக்காக எழுதியவள் தொழில்காரியாக மாறியது அங்கேதான் என்கிறார். மனசு இல்லாதபோதும், எழுதுவது பிடிக்காதபோதும், நன்றாக வராதபோதும் எழுத வேண்டும். அதுவரை அவர் அரசாங்கப் படிவங்களில் தொழில் என்ற இடத்தில் குடும்பப் பெண் என்று எழுதுபவர். எனக்கு இந்தப் பக்கங்கள் ஆறுதலாக இருந்தன. தொழில் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன எழுத்தாளர்கள் குறைவு.

பிறகு புத்தகத்துக்கு வெளிச்சம் வருகிறது. 1928-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு டிக்கெட் எடுத்திருந்தவர், ஒரு விருந்தில் யாரோ பாக்தாத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டு மறுநாளே டிக்கெட்டை மாற்றி, ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் தன்னந்தனியாகக் கிளம்புகிறார். 1930-இல் இராக்கில் ஊர் (Ur) என்னும் பழைய நகரத்தின் அகழாய்வில், தன்னைவிட 14 வயது இளையவரான மேக்ஸைச் சந்திக்கிறார். இருவரும் போன கார் பாலைவன மணலில் சிக்கிக்கொள்கிறது. இவர் புலம்பாமல், குறை சொல்லாமல், காரின் நிழலில் படுத்துத் தூங்கிவிடுகிறார். இவள்தான் எனக்கு ஏற்ற மனைவி என்று மேக்ஸ் அங்கேயே முடிவு செய்தாராம். அதே வருடம் செப்டம்பரில் எடின்பரோவில் கல்யாணம். பிறகு நிம்ருத்தில், இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேல் மண்ணில் புதைந்திருந்த யானைத் தந்தச் சிற்பங்களின் இடுக்குகளில் படிந்த அழுக்கை, மெல்லிய பின்னல் ஊசியாலும் தன் முகக் க்ரீமாலும் அவர் எடுத்த விதத்தைச் சொல்கிறார். மருந்தறையில் பழகிய கை அது, வேறு என்ன?

இரண்டாம் உலகப் போரில் மறுபடி மருந்தறை, இந்த முறை லண்டனில். அப்போது ஐம்பது வயது. ஒரே நேரத்தில் இரண்டு நாவல்களை மாற்றி மாற்றி எழுதுகிறார். குண்டு விழுந்து தான் இறந்துவிட்டால் மகளுக்கும் கணவருக்கும் இருக்கட்டும் என்று இரண்டு நாவல்களை எழுதிப் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கிறார். புவாரோவின் கடைசிக் கதை அப்படி எழுதப்பட்டு, 1975-இல்தான் வெளிவந்தது. மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு நாவலை மூன்றே நாளில் முடித்தாராம். மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போகவில்லை, எழுந்து போனால் கதை கலைந்துவிடும் என்ற பயம்.

குறைகளும் உண்டு. கதையை எப்படிப் பின்னுவது என்று கற்றுக்கொள்ள வாங்குகிறவர்களுக்கு அதிகம் கிடைக்காது. வேலைக்காரர்களையும் கீழை நாட்டு மக்களையும் பற்றி எழுதுமிடங்களில் அந்தக் காலத்து ஆங்கில மேல்வீட்டுப் பார்வை இருக்கிறது, சில இடங்களில் எனக்குச் சங்கடமாக இருந்தது. நாடகங்களைப் பற்றிய பகுதியை வேகமாகப் புரட்டினேன். 'தி மவுஸ்ட்ராப்' 1952-இல் லண்டனில் தொடங்கியபோது எட்டு மாதம் ஓடும் என்று இவரும், பதினான்கு மாதம் என்று தயாரிப்பாளரும் கணித்ததுதான் அதில் நினைவில் நின்றது. கொரோனா காலத்து இடைவெளி தவிர இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உரிமையைப் பேரனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

அவருடைய நாவல்களில் நாலைந்தாவது படித்திருந்தால் கட்டாயம் வாங்குங்கள். மருத்துவமனையில், மருந்துக் கடையில் வேலை செய்பவர்கள் ஒரு நாவலும் படிக்காவிட்டாலும் வாங்கலாம். குழந்தைப் பருவம் இழுவையாகப் பட்டால் முதல் உலகப் போரிலிருந்து தொடங்கிவிட்டு, பிறகு முன்பக்கத்துக்குப் போங்கள். கனவையும் அக்காவையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் பிரதி இப்போது மகளிடம் இருக்கிறது. நேற்று போனில், கனரித் தீவுகள் வரை வந்துவிட்டதாகச் சொன்னாள். பலகை கவிழ்ந்த இடத்தைப் பற்றிக் கேட்டாள். டிஜாக்சின் சீட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன்.